பனிச்சரிவின் ஓசை கேட்ட இரவு



பாப்பரசர் 11ஆம் பத்திநாதரை நீங்கள் அறிவீர்கள். அவர் கைதேர்ந்த மலையேறுபவர் என்பதை அறிந்தவர் சிலரே. 1857இல் இத்தாலியின் தேசியோவில் பிறந்த அக்கிலே ராத்தி, மிலான் அம்புரோசிய நூலகத்தில் பணியாற்றிய குருவானவர். ஓய்வு கிடைத்தால் அல்ப்ஸ் மலைக்கே செல்வார்.

1889 ஜூலை இறுதியில், நண்பர் ஒருவருடனும் இரு வழிகாட்டிகளுடனும், சுவிற்சர்லாந்து எல்லையிலுள்ள மொந்தே ரோசாவின் கிழக்குச் சுவரில் ஏறினார். அச்சுவரில் செங்குத்தான பனிப்பள்ளம் ஒன்று உண்டு. 1881இல் தாமியானோ மரினெல்லி என்பவரையும் இரு வழிகாட்டிகளையும் பனிச்சரிவு பலிகொண்டது அங்கேதான். வெயில் ஏறினால் பனி இளகும். இளகிய பனி பிடிப்பிழந்து சரியும். எனவே நள்ளிரவு கடந்ததும் புறப்பட்டு, பனி இறுகியிருக்கும் வேளையிலேயே அப்பள்ளத்தைத் தாண்டினார்கள்.

உச்சியை அண்மித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இருளில் நகர்வது பேராபத்து. ஏறத்தாழ 4,600 மீற்றர் உயரத்தில், கால் அசைக்கவும் இடமற்ற பாறை விளிம்பொன்றில் விடியும்வரை விழித்திருந்தார்கள். அக்குளிரில் கண்ணயர்ந்தால் உயிர் மிஞ்சாது. நள்ளிரவில் பனிச்சரிவொன்று பேரிரைச்சலுடன் கீழே பாய்ந்ததைக் கேட்டார்கள். மறுநாள் 4,634 மீற்றர் உயர டுஃபூர் சிகரத்தை அடைந்து, மறுபுறமாக இறங்கினார்கள்.

1922இல் பாப்பரசரான அவர், மறு ஆண்டே, அல்ப்ஸ் கணவாயில் வழிப்போக்கருக்கு விடுதி அமைத்த புனித பெர்நார்துவை மலையேறுபவர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.