பொம்மைக்குக் குரல் கொடுத்தவர்

முப்பது ஆண்டுகளுக்கு முன் பரணில் ஏற்றிய பெட்டியொன்றைச் சென்ற மாரிக்காலத்தில் கீழே இறக்கினேன். கூரை ஒழுகியதே காரணம். வேறு நோக்கம் இருக்கவில்லை. உள்ளே கிடந்தது, நான் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில் முள்முருக்க மரத்திற் செதுக்கிய பொம்மை. கீழ்த்தாடையை இயக்கும் நூல் இற்றுப்போயிருந்தது. அதனை மடியில் இருத்தி, உதடசையாமற் குரல் கொடுத்து, பாடசாலை விழாக்களில் மாணவரைச் சிரிக்கவைத்த காலம் ஒன்று உண்டு. ஒருநாள் முன்வரிசைச் சிறுவன் ஒருவன் பொம்மையைப் பாராது என் வாயையே பார்த்திருந்தான். அன்று பெட்டியை மூடியவன், இவ்வளவு காலமும் திறக்கவேயில்லை.

பெட்டியோடு பழைய ஆசையும் திறந்துகொண்டது. மேல்நாட்டார் வென்றிலோக்குவிசம் என வழங்கும் இக்கலையில் பெரும்புகழ் எய்திய எட்கார் பேர்கனின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கலானேன். கலையைத் திருத்திக்கொள்ளவே படித்தேன். அவ்வாழ்க்கை திருத்த விரும்பியதோ வேறொன்று.

பேர்கன் 1903ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் நாள் அமெரிக்காவின் சிக்காகோ நகரிற் பிறந்தார். பெற்றோர் சுவீடன் நாட்டிலிருந்து குடியேறியவர்கள். ஏறத்தாழப் பதினொரு வயதில் மலிவான கைநூலொன்றைப் படித்துத் தாமாகவே இவ்வித்தையைக் கற்றார். தமக்குத் தெரிந்த, செய்தித்தாள் விற்கும் ஐரிஷ் சிறுவன் ஒருவனின் சாயலில், தியடோர் மாக் என்னும் மரச்சிற்பியைக் கொண்டு ஒரு தலை செதுக்குவித்தார். அதுவே சார்லி மக்கார்த்தி. நோர்த்வெஸ்ரேர்ன் பல்கலைக்கழகத்திற் பயின்றபோதும் கல்விச் செலவுக்குப் பொம்மையே துணைநின்றது. ஈற்றில் படிப்பு பாதியில் நின்றது, பொம்மை நிலைத்தது. பின்னாளில் அதே பல்கலைக்கழகம் சார்லிக்கு வேடிக்கையாக ஒரு பட்டமும் வழங்கிற்று!

பேசும்படம் பரவியபின் பல்சுவை மேடைகள் நலிந்தன. பேர்கன் மனந்தளரவில்லை. சார்லிக்கு உயர்ந்த தொப்பியும் ஒற்றைக் கண்ணாடியும் அணிவித்து, இரவு விடுதிகளுக்கேற்ற நாகரிகக் குறும்பனாக்கினார். 1936ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் நாள் ரூடி வலி என்பாரின் வானொலி நிகழ்ச்சியில் இருவரும் தோன்றினர். அடுத்த ஆண்டு மே மாதம் தமக்கென ஒரு நிகழ்ச்சியே பெற்றார். அவரது வானொலிப் பணி 1956 வரை நீண்டது. உதடசையாமைதான் கலை என்றால், எவர் கண்ணுக்கும் தெரியாத வானொலியில் அதற்கு என்ன வேலை? இக்கேள்வி அன்றும் எழுந்தது. விடையை நேயர்களே அளித்தார்கள். சார்லி அவர்களுக்கு மரமல்லன். பெரியோரை மடக்கும் துடுக்குப் பையன். நாளடைவில் பேர்கனின் உதடுகள் வெளிப்படையாகவே அசைந்தன. அதைச் சொல்லி அவரைக் கேலிசெய்தவனும் சார்லியே! 1938இல் ஒஸ்கார் விழாவில் அவருக்குக் கிடைத்த சிறப்பு விருது, வாய் அசையும் மரச்சிலை.

இதனைப் படித்தபோது முன்வரிசைச் சிறுவனை நினைத்துக்கொண்டேன். பிழை என் உதட்டில் மட்டும் இருக்கவில்லை. என் பொம்மைக்குக் குணமென்று ஒன்றில்லை. நான் எழுதிக்கொடுத்த பகிடிகளை ஒப்புவித்தது, அவ்வளவே.

ஆயினும் உதட்டையும் திருத்தவேண்டுமே. பற்களை மெல்லப் பொருத்தி, உதடுகளைச் சற்றே திறந்து, நாவினாற் பேசுவதே இவ்வித்தை. இடையூறு செய்வன இதழ்கூடிப் பிறக்கும் பகரமும் மகரமும், பல்லும் இதழும் சேரும் வகரமும். பகரத்துக்குத் தகரத்தையும் மகரத்துக்கு நகரத்தையும் நெருங்கிய ஒலியை நாநுனியால் எழுப்பி, கேட்போர் செவியை ஏமாற்றவேண்டும். இதழ் குவியும் உகர ஒகரங்களும் தொல்லையே. தமிழ்ப் புலவர் இவற்றையெல்லாம் விலக்கி, இதழகல் எனவும் நிரோட்டகம் எனவும் செய்யுள் யாத்தனர். சிவப்பிரகாச சுவாமிகளின் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி அத்தகையது. நாள்தோறும் கண்ணாடி முன் அமர்ந்து அதனை ஓதினேன், உதடு அசையவில்லை. என் பொம்மைக்கு முன்பு பொன்னப்பன் என்று பெயர். தன் பெயரையே சொல்லமுடியாத பிறவி! இப்போது சின்னான் ஆகிவிட்டான். இடர்ப்பாடின்றித் தன் பெயரைச் சொல்கிறான்.

ஆனால் பேர்கனின் வரலாறு மேடையோடு முடியவில்லை. 1945இல் பிரான்சிஸ் வெஸ்ரர்மனை மணந்த அவருக்கு அடுத்த ஆண்டு ஒரு மகள் பிறந்தாள். பின்னாளிற் புகழ்பெற்ற நடிகையான கண்டிஸ் பேர்கன் அவளே. சிறுவயதில் அவளைச் சார்லியின் தங்கை என்றே பலரும் அழைத்தனர். தந்தை ஒரு முழங்காலில் மகளையும் மறு முழங்காலில் பொம்மையையும் இருத்தி, மகளின் கழுத்தை மெல்ல அழுத்துவார்; அவள் வாயைத் திறக்க, இருவருக்கும் அவரே பேசுவார். பொம்மையின் வாயால் எதையும் சொல்லவல்ல அம்மனிதர் தம் வாயால் அன்பைச் சொல்லக் கூசியவர் என்பதை மகளின் நினைவு நூல்கள் காட்டுகின்றன. 1978 செப்ரெம்பரில் ஓய்வை அறிவித்து, லாஸ் வேகாசில் விடைபெறும் நிகழ்ச்சிகளை நடத்திவந்தபோது, அம்மாதம் 30ஆம் நாள் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அவரது இறுதி விருப்ப ஆவணம் பொம்மையின் பராமரிப்புக்காக 10,000 டொலரை ஒதுக்கியிருந்தது. மகளுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

இவ்விடத்தில் நூலை மூடிவிட்டேன். என் மகன் சிறுவனாயிருந்தபோது அவனைக் கண்டித்ததும் பொம்மையின் வாயாலே; பரீட்சையிற் சித்தியடைந்தபோது பாராட்டியதும் அதன் வாயாலே. பொம்மை பெட்டிக்குட் போனபின் எங்களுக்குள் பேச்சும் அருகிவிட்டது. இன்று அவன் கடல் கடந்த நாட்டில் இருக்கிறான். மாதம் ஒருமுறை தாயோடு பேசுவான். நான் நலமா என்று அவளிடமே கேட்டுக்கொள்வான்.

சின்னானுக்குப் புதிய நூல் கட்டியாயிற்று. வரும் விடுமுறையில் அயலிலுள்ள பிள்ளைகளுக்கு முன் அவனை ஏற்றப்போகிறேன். அதற்குமுன் ஒன்று செய்தேன். சென்ற ஞாயிறன்று தொலைபேசியை மனைவியின் கையிலிருந்து வாங்கி, மகனே என்று அழைத்தேன். அந்தச் சொல்லின் முதலெழுத்துக்கு இரண்டு உதடுகளும் கூடத்தான் வேண்டும். கூட்டிச் சொன்னேன். மறுமுனையில் அவன் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு நெடுநேரம் பேசினோம்.