இரண்டு ஆதிக்கங்களுக்கு எதிராக: நூர் இனாயத் கான்

இரண்டாம் உலகப் போரின்போது நாஜி ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த பிரான்சுக்குள் பிரிட்டனின் சிறப்பு நடவடிக்கைகள் அமைப்பு அனுப்பிய முதல் பெண் கம்பியில்லாத் தந்தி இயக்குநர் நூர் இனாயத் கான். ஜெர்மனியின் டாக்காவ் வதைமுகாமில் 1944 செப்டம்பர் 13ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 30.

பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டு மடிந்த திப்பு சுல்தானின் மரபில் வந்தவர் நூர். தந்தை இனாயத் கான், சூஃபி ஞானியாகவும் இசைக் கலைஞராகவும் விளங்கியவர், தாய் அமெரிக்கர். 1914ல் மாஸ்கோவில் பிறந்த நூர், பாரிஸ் அருகே வளர்ந்து, சொர்போன் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் பயின்றார். புத்த ஜாதகக் கதைகள் இருபதைச் சிறுவர்களுக்காக அவர் எழுதிய நூல் 1939ல் வெளியானது.

1940ல் பிரான்ஸ் வீழ்ந்தபோது குடும்பத்துடன் இங்கிலாந்து சென்ற அவர், பிரிட்டிஷ் விமானப் படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். இந்திய விடுதலையை ஆதரித்த அவர், அந்த நிலைப்பாட்டை அதிகாரிகளிடம் மறைக்கவில்லை. காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருந்த, சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனி, ஜப்பான் ஆகியவற்றின் உதவியை நாடிய காலம் அது. நூரோ நாஜிசத்தை முறியடிப்பதே முதல் கடமை என்று கருதினார்.

ஆக்கிரமிப்புப் பிரான்சில் இளைஞர்கள் கட்டாய உழைப்புக்காக ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டனர். எனவே வீதியில் நடமாடும் ஆண்கள் மீது எளிதில் சந்தேகம் எழுந்தது. பெண்கள் ஓரளவு சுதந்திரமாகச் செல்ல முடிந்தது. பிரிட்டன் தனது பிரான்ஸ் பிரிவின் மூலம் பெண்களையும் களமிறக்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். அவ்வாறு அனுப்பப்பட்ட 39 பெண்களில் 13 பேர் உயிருடன் திரும்பவில்லை.

1943 ஜூன் மாதம் நூர் பிரான்சில் தரையிறங்கிய சில நாட்களிலேயே, பாரிஸில் இயங்கிய பிராஸ்பர் வலையமைப்பை ஜெர்மானியர் சிதைத்தனர். தாயகம் திரும்பும் வாய்ப்பை அவர் ஏற்கவில்லை. தகவல் தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக, இடம் மாறி இடம் மாறிச் சுமார் நான்கு மாதங்கள் லண்டனுக்குச் செய்திகளை அனுப்பினார்.

அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதான அவர், விசாரணையில் தோழர்களின் விவரங்களை வெளியிடவில்லை, தப்பிக்கவும் முயன்றார். எனினும், அனுப்பிய செய்திகளை அவர் எழுதிவைத்திருந்த குறிப்பேடு ஜெர்மானியரிடம் சிக்கியது. அதன் துணையுடன் அவரது பெயரிலேயே அவர்கள் லண்டனுக்குச் செய்திகளை அனுப்பினர். எச்சரிக்கை அறிகுறிகள் கிடைத்தும் லண்டன் அவற்றை உரிய வகையில் கவனத்தில் கொள்ளவில்லை. விளைவாக, 1944 பிப்ரவரியில் பாராசூட் மூலம் இறங்கிய மதலேன் தமெர்மான் உள்ளிட்டோர் நேரே எதிரியின் கையில் விழுந்தனர். நூருடன் டாக்காவில் கொல்லப்பட்ட மூன்று பெண்களில் தமெர்மானும் ஒருவர்.

அதற்கு முன் சுமார் பத்து மாதங்கள், ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் கைகால்கள் விலங்கிடப்பட்டுத் தனிமையில் நூர் அடைக்கப்பட்டிருந்தார். இனித் தப்பிக்க முயல மாட்டேன் என்று உறுதிமொழி அளிக்க மறுத்ததே இதற்குக் காரணம்.

1949ல் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருதை வழங்கியது. பிரான்சும் போர்ச் சிலுவை அளித்தது. லண்டனில் 2012ல் அவரது மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது. ஆனால், அவர் ஆதரித்த இந்திய விடுதலை 1947ல் கைகூடியதைக் காண அவர் உயிருடன் இல்லை. பிரிட்டனின் வீராங்கனையாக மட்டும் அவரை நினைவுகூர்பவர்கள், அந்தப் பேரரசின் ஆட்சியை அவர் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.