பாஷாணம் படிந்த கல்வமும் ஒரு திடீர் மரணமும்: இந்தியாவின் முதல் பிரேதப் பரிசோதனையைச் செய்த எட்வர்ட் பல்க்லி

சென்னை: சந்தேகத்துக்கிடமான திடீர் மரணம் என்றதும் உடல் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்படுவது இன்று வழக்கமான செய்தி. இந்தியாவில் அவ்வாறு செய்யப்பட்டதாகப் பதிவான முதல் பரிசோதனை, 1693-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் நடந்தது. அதைச் செய்தவர் கோட்டையின் அறுவை மருத்துவர் எட்வர்ட் பல்க்லி.

தடாவுக்கு வடக்கே, புலிகாட் ஏரியை அடுத்த துர்கராஜபட்டினத்தில் முன்பு வணிகச் சாவடி வைத்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, 1640-இல் சென்னையில் கோட்டை கட்டத் தொடங்கியது. அக்கோட்டைக்கு 1692-இல் பல்க்லி வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பிருந்தே அங்கு சாமுவேல் பிரவுன் என்ற மருத்துவர் பணியாற்றி வந்தார்.

மறு ஆண்டே சோதனை வந்தது. பிரவுனிடம் சிகிச்சை பெற்றுவந்த கோட்டை ஆலோசனைக் குழு உறுப்பினர் ஜேம்ஸ் வீலர் திடீரென உயிரிழந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்டது முத்துப் பொடி. நம் சித்த மருத்துவர்களுக்கும் முத்து அன்னியமான மருந்தன்று. ஆனால் அந்த முத்து பொடிக்கப்பட்ட கல்வத்தில் அதற்கு முன் ஆர்செனிக் பாஷாணம் அரைக்கப்பட்டிருந்தது. தாம் கொடுத்த மருந்தே வீலரின் உயிரைப் பறித்தது எனப் பிரவுன் கோட்டை நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்.

சக மருத்துவரின் நோயாளியுடைய உடலை அறுத்துப் பார்க்கும் பொறுப்பு பல்க்லியின் மீது விழுந்தது. எளிய பணியன்று அது. உடலில் கலந்த ஆர்செனிக்கை நம்பகமாகக் கண்டறியும் மார்ஷ் சோதனை 1836-இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய மருத்துவருக்கு இரைப்பையிலும் குடலிலும் கண்ணுக்குத் தெரியும் புண்ணும் வீக்கமுமே சான்று. கத்தியும் கண்ணும் மட்டுமே கருவி.

பிரவுன் மீதான புகார் பெருநடுவர் குழுவின் முன் சென்றது. குற்றம் சாட்டி விசாரிக்க இடமில்லை என்று குழு கூறியதால் அவர் விடுவிக்கப்பட்டார். மரணத்தின் காரணத்தைச் சொல்வது மருத்துவரின் வேலை; அது கொலையா, கவனக்குறைவா என்று தீர்மானிப்பது மற்றொருவர் வேலை. இந்தப் பிரிவினை அன்றே நடைமுறையில் இருந்தது கவனிக்கத்தக்கது. இப்போதும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவின்படி, சந்தேக மரணங்களில் போலீஸார் விசாரணை நடத்தி, காரணத்தில் ஐயமிருந்தால் உடலை மருத்துவரிடம் அனுப்புகின்றனர்.

பல்க்லியை இயற்கை வரலாற்றாளர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவுகூர்கின்றனர். சென்னைச் சுற்றுவட்டாரத் தாவரங்களைச் சேகரித்து லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அவர் அனுப்பினார். பிரவுனும் அதே பெட்டிவருக்குத் தாவரங்களை அனுப்பியவர்தான். பல்க்லி அனுப்பிய பறவை ஓவியங்கள், ஜான் ரேயின் பறவை நூலில் 1713-இல் இடம்பெற்றன. இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான மிகத் தொடக்ககாலப் பதிவுகளில் அதுவும் ஒன்று.

அந்நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1714-இல், பல்க்லி சென்னையிலேயே காலமானார்.