நீரின் வழியறிந்த சாங்கி

பெங்களூர் மாநகரில் மல்லேசுவரத்தை அடுத்து விரிந்து கிடக்கும் சாங்கி ஏரியை அறியாத தமிழர் அரியர். அப்பெயருக்குரியவர் யாவர் என வினவுவோர் அவரினும் அரியர். பிற மண்ணில் பிறந்து இந்நகரில் வாழ்ந்து, நகருக்கென ஒரு நற்பணியும் விட்டுச் சென்ற அவரது வரலாற்றைச் சங்க அன்பர்கள் முன் வைத்தல் தகும் எனக் கருதுகின்றோம்.

ரிச்சர்டு ஹைரம் சாங்கி 1829ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் அயர்லாந்து நாட்டு டிப்பரரி மாவட்டத்தில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அடிஸ்கம்பு படைக் கல்லூரியில் பயின்று, 1846இல் சென்னைப் பொறியாளர் படையில் அதிகாரியானார். அவ்வாண்டில் அவர் தாயகம் உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் நலிந்துகொண்டிருந்தது. ஆங்கிலேயருக்கு அடங்கிய தீவிலே பிறந்தவர், அவர்களுக்கே அடங்கிய மற்றொரு நாட்டிற்கு அவ்வாட்சியின் ஊழியராக வந்தார். 1857இல் நம் நாட்டவர் கிளர்ந்தெழுந்தபோது அவர் ஆங்கிலப் படையின் பக்கமே நின்று பணியாற்றினார். இதனை மறைத்துவிட்டு அவரைப் போற்றுதல் நேர்மையாகாது.

1861இல் மைசூர் நாட்டிற்கு மாற்றப்பெற்ற சாங்கி, 1864 முதல் 1877 வரை அதன் தலைமைப் பொறியாளராக விளங்கினார். அந்நாளில் மைசூர் ஆங்கில ஆணையரின் நேர் ஆட்சியில் இருந்தது. பதினெட்டு அலுவலகங்களுக்கென எழுந்தமையால் அட்டாரா கச்சேரி எனப்பெற்ற செந்நிற மாளிகை 1868இல் நிறைவெய்தியது. திட்டம் வகுத்தவர் சாங்கி. ஒப்பந்தமேற்றுக் கட்டி முடித்தவர் நம் ஆற்காடு நாராயணசாமி முதலியார். எளிய நிலையிலிருந்து உயர்ந்த அத்தமிழ் வணிகர் 1873இல் தண்டுப் பகுதியில் ஏழைச் சிறார்க்குப் பள்ளி கண்டதை நம்மவர் நன்கறிவர். அம்மாளிகை இன்று உயர்நீதிமன்றமாகத் திகழ்கின்றது. 1870இல் உருவான கப்பன் பூங்காவும், 1877இல் எழுந்த அருங்காட்சியகமும் சாங்கியின் கைவண்ணங்களே.

எனினும், கட்டடங்களினும் அவரது நீர்ப்பணியையே நாம் பெரிதெனக் கொள்கின்றோம். பேராறு ஏதுமில்லா மேட்டு நிலம் பெங்களூர். ஆகவே முன்னோர் பள்ளத்தாக்குதோறும் ஏரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்தனர். மேலேரி நிரம்பிக் கலிங்கு வழியே வழியும் நீர் வாய்க்காலில் ஓடிக் கீழேரியை அடையும். மேலே ஒரு கரை உடையின் கீழுள்ள கரைகளுக்கும் கேடு நேரும். இடையே ஒரு வாய்க்கால் தூர்ந்தால் கீழுள்ள ஏரி வறளும். தனித்தனி ஏரியாகப் பாராது, பள்ளத்தாக்கு முழுவதையும் அளந்து, ஒவ்வோர் ஏரிக்கும் வந்து சேரும் நீரைக் கணக்கிட்டு, அதற்கேற்ப ஏரியின் அளவை வகுக்கும் முறையைச் சாங்கி நிறுவினார். நம் உழவர் பட்டறிவால் கண்ட உண்மைக்கு அவர் அளவும் கணக்கும் சேர்த்தார் எனலாம்.

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும்பஞ்சம் மைசூர் நாட்டில் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. நீரைப் பேணுதல் உயிரைப் பேணுதலே என்பதை அப்பேரிடர் யாவர்க்கும் உணர்த்திற்று. பின்னர், 1882இல், தண்டுப் பகுதியின் நீர்த்தேவைக்கென அமைந்ததே சாங்கி ஏரி. மைசூரை நீங்கிய சாங்கி ஆப்கானியப் போரிலும் சென்னைப் பொதுப்பணித் துறையிலும் பணிபுரிந்து, 1884 முதல் 1896 வரை அயர்லாந்தின் பொதுப்பணி வாரியத் தலைவராக இருந்தார். 1892இல் சர் பட்டம் பெற்றார். 1908ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் இலண்டனில் காலமானார்.

அவர் பெயர் தாங்கிய ஏரி இன்றும் உளது. ஆனால் அவர் அளந்த தொடர் பல இடங்களில் அறுந்துவிட்டது. ஏரிகள் பல மனைகளாயின, வாய்க்கால்கள் குறுகின. 2022இல் வெள்ளம் தெருக்களில் புகுந்ததையும், 2024இல் குடிநீருக்கு மக்கள் அலைந்ததையும் நாம் அனைவரும் கண்டோம். மழையின் குறைவும் மிகுதியும் ஒருபுறமிருக்க, நீரின் வழியை நாம் அடைத்ததும் அவற்றுக்குக் காரணமன்றோ?

வந்து குடியேறியோர் ஓர் ஊருக்குச் செலுத்த வேண்டிய கடன் ஒன்றுண்டு. நாராயணசாமி முதலியார் அதனைக் கல்வியால் செலுத்தினார். சாங்கி நீரால் செலுத்தினார். இந்நகரின் நீரைக் குடித்து வாழும் நாமும், கன்னட அன்பர்களுடன் கைகோத்து, நம் பகுதி ஏரிக்கும் வாய்க்காலுக்கும் காவலராவோமாக!