3 மேட்ச் + ப்ளேஆஃப் தடை... ஒரே வீரருக்காக கொந்தளித்த மான்ட்ரியல்! யார் இந்த 'ராக்கெட்' ரிஷார்?

1955 மார்ச் 17, வியாழக்கிழமை இரவு. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஒரு ஐஸ் ஹாக்கி மேட்ச். மூன்று பீரியட் கொண்ட ஆட்டத்தில் முதல் பீரியட்தான் முடிந்திருக்கிறது. அதற்குள் அரங்குக்குள் கண்ணீர்ப்புகை குண்டு வெடிக்கிறது. மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே ஓடுகிறார்கள். மேட்ச் ரத்து. வெளியே வந்த கூட்டம் வீட்டுக்குப் போகவில்லை. கடைக் கண்ணாடிகளை உடைத்து, கார்களை அடித்து நொறுக்கி, அதிகாலை வரை நகரத்தின் முக்கிய வீதியையே கலங்கடித்தது.

காரணம்? ஒரே ஒரு வீரரை அந்த சீசனில் இனி ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் பெயர் மோரீஸ் ரிஷார். ரசிகர்களுக்கு 'ராக்கெட்'. யார் இவர்? ஒரு தடை உத்தரவுக்கு ஏன் ஒரு நகரமே தெருவுக்கு வந்தது? பார்க்கலாம்.

முதலில் இந்த ஆட்டம் பற்றி கொஞ்சம்...

ஹாக்கி என்றால் நமக்கு புல்தரையும் பந்தும்தான் நினைவுக்கு வரும். இது வேற. உறைந்த ஐஸ் தளம், காலில் ஸ்கேட்ஸ், பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டு. ஒருவரை ஒருவர் தோளால் மோதித் தள்ளுவதும் ஆட்டத்தில் சேர்த்திதான். ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் 6 பேர்.

இதன் உச்சம் என்.ஹெச்.எல் என்கிற தேசிய ஹாக்கி லீக். இப்போது 32 அணிகள். ரிஷார் காலத்தில் வெறும் 6 அணிகள்தான்: கனடாவிலிருந்து மான்ட்ரியல், டொராண்டோ; அமெரிக்காவிலிருந்து டெட்ராய்ட், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க். ஒரு சீசனுக்கு ஒவ்வொரு அணிக்கும் 70 மேட்ச். அதில் முதல் 4 இடம் பிடிப்பவர்கள் ப்ளேஆஃபுக்குப் போவார்கள். நம்ம ஐபிஎல் மாதிரி ஒரு மேட்ச்சில் முடிந்துபோகிற கதையில்லை. அரையிறுதி, இறுதி இரண்டுமே 7 மேட்ச் தொடர். முதலில் 4 ஜெயிப்பவருக்கு வெற்றி. கடைசியில் கையில் வருவது ஸ்டான்லி கோப்பை.

லீக் சுற்றில் முதலிடம் பிடித்தால் இன்னொரு லாபம் உண்டு. தொடர் 7-வது மேட்ச் வரை இழுத்தால், அந்த மேட்ச் முதலிட அணியின் சொந்த ஊரில் நடக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு தாங்காத பையன்

1921 ஆகஸ்ட் 4-ம் தேதி மான்ட்ரியலில் பிறந்தார் ரிஷார். எட்டு பிள்ளைகளில் மூத்தவர். அப்பாவுக்கு கனடியன் பசிபிக் ரயில்வே பணிமனையில் வேலை. வீட்டுக்குப் பக்கத்தில் ஓடிய ஆறு குளிர்காலத்தில் உறைந்துவிடும். அதுதான் அவருக்கு மைதானம். பிறகு அவரும் ஆலையில் மெஷினிஸ்ட் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்.

ஆரம்பத்தில் இவர் தேறுவார் என்று யாரும் பெரிதாக நம்பவில்லை. 1940-ல் கணுக்கால் முறிந்தது. அடுத்த வருடம் மணிக்கட்டு. 1942-ல் ஒருவழியாக மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்குள் நுழைந்தார். 16 மேட்ச் ஆடிய நிலையில் மறுபடியும் கணுக்கால் முறிவு. இரண்டாம் உலகப்போர் காலம் அது. ராணுவத்தில் சேரப் போனபோதும், இத்தனை முறிந்த எலும்புகளோடு முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

1943-ல் மகள் பிறந்தாள். எடை 9 பவுண்ட். அதுவரை 15-ம் எண் ஜெர்ஸி போட்டிருந்தவர், 9-ஐ கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த எண்தான் பிறகு கியூபெக் மாகாணத்துப் பையன்களின் முதுகில் எல்லாம் ஏறியது.

அந்த சீசனில்தான் ராக்கெட் கிளம்பியது. 1944 மார்ச் 23-ம் தேதி டொராண்டோவுக்கு எதிரான ப்ளேஆஃப் மேட்ச்சில் மான்ட்ரியல் 5-1 என ஜெயித்தது. ஐந்து கோலும் ரிஷார் அடித்தது! வழக்கமாக மேட்ச் முடிந்ததும் சிறந்த 3 வீரர்களை அறிவிப்பார்கள். அன்று மூன்று இடத்துக்கும் ஒரே பெயரை வாசித்தார்கள். கோப்பையும் வந்தது.

அடுத்த சீசன் இன்னும் மேல. 1944 டிசம்பர் 28-ம் தேதி பகல் முழுக்க வீடு மாற்றும் வேலை. சாமான் தூக்கி களைத்துப்போய் அரங்குக்கு வந்தவர், அன்றிரவு டெட்ராய்டுக்கு எதிராக 5 கோல், 3 அசிஸ்ட். அந்த சீசனை 50 மேட்ச்சில் 50 கோல் என்று முடித்தார். என்.ஹெச்.எல் வரலாற்றில் ஒரு சீசனில் 50 கோல் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

பெயரிலேயே இருந்த பிரச்சினை

பிரெஞ்சில் அவர் பெயர் ரிஷார். ஆங்கிலத்தில் வாசித்தால் ரிச்சர்ட். எந்த ஊரில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதிலேயே பாதி கதை இருக்கிறது.

கியூபெக்கில் பெரும்பான்மை மக்கள் பிரெஞ்சு பேசுபவர்கள். ஆனால் பெரிய கம்பெனிகள், வங்கிகள், மேலாளர் நாற்காலிகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுபவர்கள் கையில். சொந்த ஊரிலேயே மேலதிகாரியிடம் தன் மொழியில் பேச முடியாத நிலை. ரிஷார் அணிக்கு வந்தபோது அவருக்கும் ஆங்கிலம் கிட்டத்தட்ட தெரியாது.

எதிரணிகள் அவரைச் சீண்ட மொழியையும் ஒரு ஆயுதமாக வைத்திருந்தன. வசை பேசுவது, சட்டையைப் பிடித்து இழுப்பது, மட்டையால் இடிப்பது. அவரை நிறுத்த வேறு வழி தெரியவில்லை. இவரும் சும்மா இருப்பவர் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கோபம் வந்தால் முன்னால் நிற்பது யார் என்று பார்க்க மாட்டார். அபராதம் மேல் அபராதம். அந்த 1954-55 சீசனிலேயே, டிசம்பர் மாதம் டொராண்டோவில் லைன்ஸ்மேன் ஒருவரை கையுறையால் முகத்தில் அடித்து 250 டாலர் கட்டியிருந்தார்.

அபராதம் போட்டவர் லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பெல். வழக்கறிஞர், முன்னாள் நடுவர், நாஜிகள் மீதான போர்க்குற்ற வழக்குகளில் அரசுத் தரப்பில் பணியாற்றியவர். 1954 தொடக்கத்தில் ரிஷார் தன் பெயரில் வந்த ஒரு பத்திரிகைப் பத்தியில் இவரை சர்வாதிகாரி என்று சாடினார். லீக் விடவில்லை. மன்னிப்பும் கேட்டு, நல்ல நடத்தைக்கு உத்தரவாதமாக 1,000 டாலர் பிணைத்தொகையும் கட்டவேண்டி வந்தது.

பாஸ்டனில் அந்த ஞாயிற்றுக்கிழமை

1955 மார்ச் 13. சீசன் முடிய இன்னும் சில மேட்ச்தான். ரிஷாருக்கு வயது 33. பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறார். கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு உதவிய பாஸுக்கு ஒரு புள்ளி. சீசன் முடிவில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கு ஆர்ட் ராஸ் கோப்பை. 5 முறை அதிக கோல் அடித்தவர் ரிஷார். ஆனால் இந்தப் புள்ளிக் கோப்பை மட்டும் கைக்கு வந்ததே இல்லை. இந்த முறை வந்துவிடும் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

பாஸ்டன் அணியில் ஹால் லேகோ என்ற வீரர். முன்பு மான்ட்ரியலில் ரிஷாரோடு ஆடியவர்தான். அவருடைய மட்டை ரிஷாரின் தலையில் பட்டு ரத்தம் கொட்டியது. ஐந்து தையல் போடுமளவுக்கு காயம். ரிஷார் திரும்பி தன் மட்டையால் லேகோவை அடித்தார். பிரித்துவிட்டும் மறுபடி பாய்ந்தார். கைக்குக் கிடைத்த மட்டையை எடுத்து மறுபடி அடித்தார். லைன்ஸ்மேன் கிளிஃப் தாம்சன் அவரைப் பிடித்து நிறுத்த, அவருக்கும் இரண்டு குத்து விழுந்தது.

மூன்று நாள் கழித்து மான்ட்ரியலில் கேம்பெல் முன் விசாரணை. கண்ணில் ரத்தம் வழிந்ததால் லைன்ஸ்மேனை பாஸ்டன் வீரர் என்று நினைத்துவிட்டதாக ரிஷார் தரப்பு வாதாடியது. கேம்பெல் ஏற்கவில்லை. தீர்ப்பு: லீக் சுற்றில் மிச்சமிருக்கும் 3 மேட்ச்சும், ப்ளேஆஃப் முழுவதும் தடை.

பாஸ்டன் தரப்பில் பலருக்கு இது குறைந்த தண்டனை. நடுவர் மீது கை வைத்தவருக்கு இது கூட இல்லையென்றால் எப்படி என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மான்ட்ரியலில் மக்கள் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. சட்டைக்கு மேல் ரத்தம் வழிந்தவன் நம்ம ஆள்; கோப்பையைப் பறித்தது ஆங்கிலம் பேசும் அதிகாரி. அவ்வளவுதான்.

வர வேண்டாம் என்றார்கள்... வந்தார்

மறுநாளே மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில் டெட்ராய்டுடன் மேட்ச். முதலிடத்துக்கு நேருக்கு நேர் மோதும் இரு அணிகள். கேம்பெலுக்கு மிரட்டல் அழைப்புகள் குவிந்தன. இருந்தும் ஆட்டம் தொடங்கிய பிறகு வந்து, வழக்கமான தன் இருக்கையில் உட்கார்ந்தார். அதற்குள் டெட்ராய்ட் முன்னிலை. முட்டை, தக்காளி, கையில் கிடைத்ததெல்லாம் அவர் மேல் பறந்தது. கைகுலுக்குவது போல் நெருங்கிய ஒருவர் பளாரென்று அறைந்தார். அவர் எழுந்து போகவில்லை. முதல் பீரியட் முடிவில் ஸ்கோர் 4-1. அப்போதுதான் கண்ணீர்ப்புகை குண்டு.

ரிஷார் எங்கே? அவரும் அதே அரங்கில் பார்வையாளராக உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்ச் கைவிடப்பட்டு, வெற்றி டெட்ராய்டுக்குப் போனது. வெளியே செயின்ட் கேத்தரின் வீதி முழுக்க கலவரம். சேதம் சுமார் 1 லட்சம் டாலர் என்று அப்போது சொல்லப்பட்டது. பலர் காயம், பலர் கைது. உயிரிழப்பு இல்லை.

அடுத்த நாள் ரிஷார் மைக் முன் உட்கார்ந்தார். தண்டனையை ஏற்றுக்கொள்வதாகவும், அடுத்த சீசனில் திரும்பி வருவதாகவும், எல்லாரும் அமைதியாக அணியை ஆதரிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் ஒன்றும் பேச்சாளர் அல்ல. அரசியலில் தன்னை ஒரு அடையாளமாக்குவதும் அவருக்குப் பிடிக்காது. ஆனால் அந்த ஒரு பேச்சில் ஊர் அடங்கியது.

அந்த 2 புள்ளி

இனிதான் கணக்கு. ஜெர்ஸி மாட்டாமல் ரிஷார் 74 புள்ளியில் நின்றுவிட்டார். அதே அணியின் பெர்னார்ட் ஜெஃப்ரியான் கடைசி நாட்களில் 75 தொட்டு கோப்பையை எடுத்தார். அவரும் பிரெஞ்சு பேசும் கியூபெக்காரர்தான், சொந்த அணிக்காரர்தான். ஆனாலும் முந்திய அன்று மான்ட்ரியல் ரசிகர்களே அவரை நோக்கி கூச்சலிட்டார்கள். பாவம், கோல் அடிக்காமல் இருந்திருந்தால் அணிக்கு துரோகம். அடித்ததால் ராக்கெட்டுக்கு துரோகம்.

லீக் முடிவில் டெட்ராய்ட் 95, மான்ட்ரியல் 93. ஒரு வெற்றிக்கு 2 புள்ளி. அந்தக் கலவர மேட்ச்சை மான்ட்ரியல் ஜெயித்திருந்தால் இந்த எண்கள் அப்படியே தலைகீழாகியிருக்கும்.

ப்ளேஆஃப் அரையிறுதியில் ரிஷார் இல்லாமலேயே பாஸ்டனை 4-1 என மான்ட்ரியல் சாய்த்தது. இறுதியில் டெட்ராய்ட். தொடர் 7 மேட்ச் வரை போனது. ஏழிலும் சொந்த ஊரில் ஆடிய அணியே ஜெயித்தது! முதலிடம் பிடித்த டெட்ராய்டின் ஊரில் நடந்த ஏழாவது மேட்ச், 3-1. கோப்பை அவர்களுக்கு.

திரும்பி வந்த பிறகு...

அடுத்த சீசனில் பயிற்சியாளர் மாறினார். ரிஷாரோடு முன்பு ஒரே வரிசையில் ஆடிய டோ பிளேக் பொறுப்பேற்றார். முதல் வேலை, ராக்கெட்டின் கோபத்தைக் கட்டுக்குள் வைப்பது. 15 வயது இளைய தம்பி ஹென்றியும் அணிக்குள் வந்தார். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து 5 ஸ்டான்லி கோப்பை! இந்த சாதனையை இதுவரை எந்த அணியும் தொடவில்லை.

1957 அக்டோபரில் 500 கோல் அடித்த முதல் வீரர் ஆனார். அடுத்த மாதமே குதிகால் நரம்பு கிட்டத்தட்ட அறுந்துபோக, மாதக்கணக்கில் வெளியே. முடிந்தது என்றார்கள். 1958 ப்ளேஆஃபில் 10 மேட்ச்சில் 11 கோல். 1960-ல் ஓய்வு. லீக் சுற்றில் 978 மேட்ச், 544 கோல். ப்ளேஆஃபில் 82. மொத்தம் 8 கோப்பை.

1960-களில் கியூபெக்கில் பிரெஞ்சு பேசுபவர்கள் கல்வி, வேலை, ஆட்சி எல்லாவற்றிலும் தங்கள் இடத்தைக் கேட்டு எழுந்தார்கள். அதற்கான முதல் பொறி அந்த மார்ச் 17 இரவுதான் என்று எழுதுபவர்கள் உண்டு. ஒரு ஹாக்கி கலவரத்துக்கு இது கொஞ்சம் அதிகச் சுமை என்று மறுப்பவர்களும் உண்டு. ரிஷாரைக் கேட்டால், தான் வெறும் ஹாக்கி வீரர் என்றுதான் சொல்லிவந்தார்.

1996-ல் ஃபோரம் அரங்கை மூடியபோது, ஐஸில் நடந்துவந்த 74 வயது ரிஷாருக்கு ரசிகர்கள் பல நிமிடங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். போதும் என்று அவர் கை காட்டியும் நிற்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். 2000 மே 27-ம் தேதி காலமானார். அரங்கில் வைக்கப்பட்டிருந்த உடலுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அஞ்சலி செலுத்தினர். கியூபெக் அரசு, அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தது.

1999 முதல் ஒவ்வொரு சீசனிலும் அதிக கோல் அடிப்பவருக்கு மோரீஸ் ரிஷார் கோப்பை தரப்படுகிறது. அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ் கோப்பை இன்றும் தனியாகத்தான் இருக்கிறது. அதை வென்றவர்கள் பட்டியலில் 1955-க்கு நேராக ஜெஃப்ரியானின் பெயர். ராக்கெட்டின் பெயர் எந்த வருடத்திலும் இல்லை.