ஐகோர்ட்டைக் கட்டிய செட்டியார்
படம் போட்டவர் இர்வின் துரை. கணித மேதைக்கு வீடு கொடுத்த வள்ளலும் இவரே!

பொழிச்சலூரில் இருந்து பல்லாவரம் வந்து, அடித்துப் பிடித்து மின்சார ரெயில் ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கும் குமாஸ்தாக்கள் தினமும் ஐகோர்ட்டைப் பார்க்கிறார்கள். அதைக் கட்டியது யார்? கேட்டால் வெள்ளைக்காரன் என்றுதான் பலரும் சொல்வாங்க.

படம் போட்டது வெள்ளைக்காரர்தான். ஆனால் கல்லையும் ஆளையும் சேர்த்து கட்டிடத்தை எழுப்பியவர் நம்மூர் காண்டிராக்டர். பெயர் நம்பெருமாள் செட்டியார். 1856–ல் பிறந்தவர்.

இணைபிரியா ஜோடி

சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையைக் கட்டிவிட்டு சென்னைக்கு வந்தவர் ஹென்றி இர்வின். சர்க்காரின் கட்டிடக்கலை ஆலோசகர். பிராசிங்டன் என்பவர் தொடங்கி வைத்த ஐகோர்ட்டு வரைபடத்தை இவர்தான் முடித்துக் கொடுத்தார். செட்டியார் கட்டினார். 1892–ல் திறப்பு விழா நடந்தது. அதன் உயரமான கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்தது.

இருவரும் கூட்டுக் கம்பெனி நடத்தவில்லை. ஒருவர் உத்தியோகஸ்தர், மற்றவர் காண்டிராக்டர். ஆனாலும் ஜோடி பிரியவில்லை. 1896–ல் கன்னிமாரா நூலகம், 1899–ல் சட்டக்கல்லூரி, 1909–ல் எழும்பூர் மியூசிய வளாகத்தில் சிவப்புக் கல் மண்டபம் என்று வரிசையாக எழுந்தன.

சிசம் துரை படம் போட்ட விக்டோரியா பப்ளிக் ஹாலைக் கட்டியவரும் செட்டியாரே.

பணம் கொட்டியது. சேத்துப்பட்டில் வீடு வீடாக வாங்கினார். சென்னையில் மோட்டார் கார் வாங்கிய முதல் இந்தியர் என்றும் பேர் எடுத்தார்.

மேதையின் கடைசி நாட்கள்

கணித மேதை ராமானுஜன் லண்டனில் இருந்து நோயோடு திரும்பினார். அவர் தங்க சேத்துப்பட்டில் தன் வீட்டையே கொடுத்தார் செட்டியார். படுத்த படுக்கையிலும் ராமானுஜன் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26–ந் தேதி அங்கேயே உயிர் பிரிந்தது. அப்போது வயது 32.

இர்வின் 1922–ல் மறைந்தார். செட்டியார் 1925–ல் காலமானார்.

சேத்துப்பட்டில் வீடு, எழும்பூரில் மியூசியம், பார்க்கில் பப்ளிக் ஹால், கோட்டையில் ஐகோர்ட்டு. தாம்பரம் ரெயில் நிற்கிற இடமெல்லாம் செட்டியார் கைவண்ணம். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தால் ஒரு தரம் எட்டிப் பாருங்கள்!