முன்பாரம், பின்பாரம்: வாலி பையம் என்ற ஊர்சுற்றி

போன டிசம்பர் செமஸ்டர் லீவுல நாங்க நாலு பேர் ஒரு டிரெய்லரை இழுத்துக்கிட்டு கல்வராயன் மலைக்குப் போனோம். டிரெய்லர்னதும் பெருசா எதையும் கற்பனை பண்ணிக்காதீங்க. கள்ளக்குறிச்சி காயலான் கடை ஒண்ணுல கிடந்த ரெண்டு சக்கர ஜீப் டிரெய்லர் அது. துருவைச் சுரண்டி, இத்துப்போன அடித்தகட்டை மாத்தி, லேத் பட்டறையில கொக்கியைச் சரி பண்ணி, மேலே சதுரக் குழாயில கூண்டு வெல்டிங் போட்டு, தகரம் அடிச்சு, உள்ளே படுக்க ரெண்டு பலகை வச்சோம். கதவு பின்பக்கம். ஆறு வாரம் சனி, ஞாயிறு எல்லாம் அதுக்கே போச்சு.

கச்சிராயபாளையம் ரோட்டுல பெரியப்பாவோட பொலிரோ கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிச்சது. முதல்ல லேசா. அப்புறம் அது எங்க வண்டியையே சேர்த்து ஆட்டிச்சு. ஓட்டினவன் பயத்துல பிரேக்கை மிதிக்காம ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டான், அதனாலதான் இதை எழுதுறேன். ஒரு புளிய மரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னோம். சைக்கிள்ல வந்த ஒரு பெரியவர் இறங்கி, டிரெய்லரைச் சுத்திப் பார்த்துட்டு, பின்பாரம் அதிகம்னு சொல்லிட்டுப் போயிட்டார். கதவு பின்னால இருக்கேன்னு ரெண்டு தண்ணி டிரம், கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை எல்லாத்தையும் வாசல் ஓரத்துலயே அடுக்கி வச்சிருந்தோம். எல்லாத்தையும் முன்னால தள்ளினதும் ஆட்டம் நின்னுடுச்சு.

மாட்டு வண்டி ஓட்டினவங்களுக்கு இது பால பாடம். பின்னால பாரம் கூடினா நுகத்தடி மாட்டுக் கழுத்தை விட்டு மேலே தூக்கும், முன்னால கூடினா கழுத்தை நசுக்கும். டிரெய்லருக்கும் அதே கதைதான். மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல உட்காரணும். மொமென்ட் கணக்கு போட்டு பாஸ் பண்ணின நாலு பேருக்கும் இது அந்தப் புளிய மரத்தடியிலதான் உறைச்சது.

அன்னைக்கு ராத்திரி கரியாலூர் பக்கம் நண்பனோட சொந்தக்காரங்க நிலத்துல டிரெய்லரை நிறுத்திட்டு, குளிர்ல கம்பளிக்குள்ள கிடந்து, விட்டு விட்டு வந்த சிக்னல்ல டிரெய்லர் பத்தித் தேடினப்போ கிடைச்ச மனுஷன்தான் வாலி பையம். பேரைப் பார்த்ததும் கவிஞர் வாலி ஞாபகம் வரும். பின்பாதியை பயம்னு படிச்சிடாதீங்க, பையம்.

1896 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் பேக்கர் என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். பையன் தாத்தா நிழலில் வளர்ந்தான். தாத்தாவின் தொழில், கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றி மலைப்பாதையில் கொண்டு போவது. கொஞ்சம் வளர்ந்ததும் பையன் ஆடு மேய்க்கப் போனான். கழுதை இழுக்கும் ரெண்டு சக்கர வண்டி ஒன்று, அதில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, சாப்பாட்டுச் சாமான், தண்ணீர், படுக்கை. ஆடு எங்கே போகிறதோ அங்கே வீடும் போகும். நம்ம பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் கூண்டைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக மாறுவார்களே, கிட்டத்தட்ட அந்த வாழ்க்கை. பின்னாளில் அவர் விற்றது என்னவோ பளபளக்கும் அலுமினிய வீடு. ஆனால் அதற்குள் இருந்தது இந்தக் கழுதை வண்டிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு கப்பலில் வேலை. அதன் பிறகு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம், 1921-ல் பட்டம். கவனிக்கவும், படித்தது எஞ்சினியரிங் இல்லை, வரலாறு. லாஸ் ஏஞ்சல்ஸில் விளம்பரம் எழுதினார், சொந்தமாகப் பத்திரிகைகள் நடத்தினார்.

டிரெய்லர் ஆசை வந்ததற்கு அவர் மனைவி மரியன் காரணம். இவருக்கு வெளியில் கூடாரம் போட்டுத் தங்குவது என்றால் உயிர். அவருக்கோ தரையில் படுப்பதும் அடுப்பில்லாமல் அவதிப்படுவதும் பிடிக்காது. சமையலறை இல்லாத இடத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். ஃபோர்டு மாடல் டி காரின் சேஸிஸ் மேல் ஒரு மேடை போட்டு, அதன் மேல் கூடாரம் கட்டி சமாளித்துப் பார்த்தார் பையம். ஒவ்வொரு தடவையும் அதை நிமிர்த்துவது பெரும்பாடு, மழை வந்தால் கேட்கவே வேண்டாம். கூடாரத்தை விட்டுவிட்டு, கண்ணீர்த் துளி வடிவில் நிரந்தரமான ஒரு கூண்டு செய்து, உள்ளே ஐஸ் பெட்டியும் மண்ணெண்ணெய் அடுப்பும் வைத்தார். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் எங்கே வாங்கியது என்று விசாரித்தார்கள்.

இன்னொரு சம்பவமும் சொல்வார்கள். அவருடைய பத்திரிகையில் வீட்டிலேயே டிரெய்லர் செய்வதற்கான வரைபடம் ஒன்று வந்தது. வேறு ஒருவர் கொடுத்தது. செய்து பார்த்த வாசகர்கள் சரியாக வரவில்லை என்று புகார் எழுதினார்கள். வேறொரு ஆசிரியராக இருந்தால் அடுத்த இதழில் ஒரு மூலையில் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போயிருப்பார். இவர் அதைத் தானே செய்து பார்த்தார். தப்பு வரைபடத்தில்தான் இருந்தது. உடனே சொந்தமாக ஒன்றை வரைந்தார். சக்கரங்களுக்கு நடுவில் தளத்தைக் கீழே இறக்கி, கூரையை மேலே ஏற்றினார். அதனால் ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்க முடிந்தது. அதுவரை பலர் செய்துகொண்டிருந்த டிரெய்லர்களில் குனிந்தே கிடக்க வேண்டியிருந்தது. (எங்களுதும் அப்படித்தான். என் மண்டையில் இன்னும் வீக்கம் இருக்கு.) ஒட்டுப்பலகையில் வீட்டுப் பின்கட்டிலேயே டிரெய்லர் செய்து விற்க ஆரம்பித்தார். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் சொல்ல, தனியாக இடம் பிடித்தார். ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் இப்படித்தான் 1930-களின் தொடக்கத்தில் பிறந்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம் அது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகணும். அந்தப் பிரபலமான வெள்ளி முட்டை வடிவத்தை பையம் கண்டுபிடித்ததாகப் பல பேர் எழுதுகிறார்கள். அது நியாயமில்லை. ஹாலி போலஸ் என்று ஒரு கிளைடர் நிபுணர் இருந்தார். 1927-ல் லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தைக் கட்டும் வேலையை மேற்பார்வை பார்த்தவர். விமான உடலைக் கட்டுகிற அதே முறையில், விலா எலும்பு மாதிரி வளைவுச் சட்டங்கள் மேல் அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து, 1934-ல் ரோடு சீஃப் என்ற டிரெய்லரைச் செய்தார். அற்புதமான பொருள். ஆனால் கதவு முன்னால், கொக்கி இருக்கும் பக்கம். இழுவைக் கம்பியைத் தாண்டித்தான் உள்ளே ஏற வேண்டும். வியாபாரம் நொடித்தது. அந்த டிரெய்லரை விற்றுக்கொண்டிருந்த பையம் கடையை வாங்கினார். கதவைப் பக்கவாட்டுக்குக் கொண்டு வந்தார், இன்னும் சில மாற்றங்கள் செய்தார், 1936-ல் கிளிப்பர் என்ற பெயரில் வெளியிட்டார். நாலு பேர் படுக்கலாம், சொந்தத் தண்ணீர்த் தொட்டி, மின் விளக்கு எல்லாம் உண்டு. விலை 1,200 டாலர். அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை, ஆனாலும் கேட்ட வேகத்துக்குச் செய்து கொடுக்க முடியவில்லை. போலஸின் மூளைக்கு பையமின் வாசல் கிடைத்தது, அவ்வளவுதான். நாங்க கதவைப் பின்னால் வைத்து பட்ட பாட்டுக்கு, வாசல் எங்கே என்பது சின்ன விஷயம் என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல முடியாது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் அலுமினியம் முழுக்க விமானங்களுக்குப் போனது. தொழிற்சாலையை மூடிவிட்டு பையம் விமான நிறுவனங்களில் வேலைக்குப் போனார். போர் முடிந்து திரும்ப ஆரம்பித்தார். 1947-ல் ஆல்ஃபிரட் லெட்டூர்னர் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர் ஒரு ஏர்ஸ்ட்ரீமை சைக்கிளில் கட்டி இழுத்த படம் உலகம் முழுக்கப் போனது. மேஜிக் ஒன்றும் இல்லை. சமதரையில் ஒரு டன் வண்டியை உருட்டிக்கொண்டே போக 10 முதல் 20 கிலோ விசை போதும். அவரை நம்ம கோமுகி அணைக்கு மேலே ஏறும் கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கூட்டி வந்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது அடுத்து நடந்ததால். 1951 கடைசியில் தன் வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு டெக்ஸாஸிலிருந்து மெக்சிகோ வழியாக மத்திய அமெரிக்கா நோக்கிக் கிளம்பினார். புறப்பட்டது 63 டிரெய்லர். சாலை என்று ஒன்று பாதி இடத்தில் இல்லவே இல்லை. கடைசி வரை தாக்குப்பிடித்தது 14. மற்றவர்கள் உடைந்த அச்சோடும் நொந்த மனசோடும் வழியிலேயே திரும்பினார்கள். விற்றவரே கூட்டிப் போய், வாங்கியவர் கண் முன்னாலேயே சரக்கு உடைகிறது என்றால் அதைவிட மோசமான விளம்பரம் இருக்கிறதா? விளம்பரத் தொழிலில் இருந்தவர், அதை மூடி மறைக்கத் தெரியாதவர் இல்லை. ஆனால் அவர் உடைந்ததை எல்லாம் பார்த்து, அடுத்த வண்டிகளைத் திருத்தினார். அடுத்த பயணத்துக்கும் தேதி குறித்தார். அவர் சோதனைக்கூடம் அந்த ரோடுதான். கூட வந்தவர்கள் 1955-ல் அவர் பெயரிலேயே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அது இன்றைக்கும் இருக்கிறது.

உச்சம் ஆப்பிரிக்கா. 1959-ல் கேப் டவுனில் தொடங்கி, 1960-ல் கெய்ரோ வரை. 41 டிரெய்லர், 106 பேர், 221 நாள். வந்தவர்களில் நிறையப் பேர் ரிட்டயர் ஆன தாத்தா பாட்டிகள். சேறு, மணல், உடைந்த ஸ்பிரிங், பழுதான டயர், எத்தியோப்பியாவில் பேரரசர் ஹைலே செலாசியின் வரவேற்பு, கடைசியில் பிரமிடு முன்னால் டிரெய்லர்கள். அதே தென்னாப்பிரிக்காவில் அதே வருடம் ஒரு கறுப்பின மனிதர் பாஸ் புத்தகம் இல்லாமல் தெரு தாண்ட முடியாது. அந்தப் படங்களைப் பார்க்கும்போது இதுவும் கூடவே ஞாபகம் வருது, என்ன செய்ய. சுதந்திரமாகச் சுற்றுவது யாருக்கு வாய்த்தது என்று பையம் யோசித்தாரா தெரியாது, நமக்கு யோசிக்காமல் இருக்க முடியாது.

1962 ஜூலை 22 அன்று மூளைப் புற்றுநோயால் இறந்தார். வயது 66. அடுத்த வருடம் அவர் ஆட்கள் சிங்கப்பூரில் தொடங்கி ஆசியா, ஐரோப்பா என்று ஒரு வருடத்துக்கு மேல் சுற்றினார்கள். இந்தியா வழியாகவும் அந்த வெள்ளி வண்டிகள் போயிருக்கின்றன. 1969-ல் நிலாவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களைத் தனிமைப்படுத்தி வைத்ததும் மாற்றி அமைத்த ஓர் ஏர்ஸ்ட்ரீமில்தான்.

அந்தக் காலத்து வண்டிகளை இப்போது பல பேர் மீட்டு எடுக்கிறார்கள். வெளியே மங்கிப்போன அலுமினியத்தைத் தேய்த்துக் கண்ணாடியாக்குவது எல்லாரும் போட்டோ போடும் வேலை. நிஜ வேலை அடியில். தகட்டு இணைப்பில் ஒழுகும் தண்ணீர் ஓரமாக இறங்கி ஒட்டுப்பலகைத் தளத்தை உளுக்க வைத்திருக்கும், இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்த இடத்தில் அலுமினியம் பொடிந்திருக்கும், கண்ணாடி இழைப் பஞ்சுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கும். மேல் கூட்டையே சேஸிஸிலிருந்து கழற்றித் தூக்கினால்தான் தளத்தை முழுசாக மாற்ற முடியும். திரும்ப ரிவெட் அடிக்க ரெண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் சுத்தியல் துப்பாக்கியோடு, உள்ளே ஒருவர் ரிவெட் வாலுக்கு இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துக்கொண்டு. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, சத்தத்தை வைத்தே வேலை நடக்கும்.

எங்க டிரெய்லர் இப்போ கள்ளக்குறிச்சியில பெரியப்பா கொட்டகையில நிக்குது. பின்கதவைத் தகரம் போட்டு அடைச்சாச்சு, பக்கவாட்டுல புது வாசல் வெட்டியாச்சு, தண்ணி டிரம்முக்கு அச்சுக்குக் கொஞ்சம் முன்னால இடம் குறிச்சாச்சு. இந்தத் தடவை வெல்டிங் இல்லாம ரிவெட் அடிச்சுப் பார்க்கலாம்னு இருக்கோம். உள்ளே குனிஞ்சு உட்கார்ந்து கட்டை பிடிக்க ஒரு ஆள் குறையுது. குட்டையா இருந்தா நல்லது.